செம்பேனின் கால்

திருமழபாடி
25-3-2024

அண்ணனுக்குத் தனம் எழுதுவது.

போனில் எவ்வளவு கத்தினாலும் உங்களுக்குக் காது கேட்பதில்லை. அதனால்தான் காகிதம் எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் அது என் தப்பு இல்லை. என்னை எட்டாம் வகுப்போடு நிறுத்தி உங்களைக் காலேஜுக்கு அனுப்பினவர்கள் தப்பு.

இதோடு இரண்டு கவர் வைத்திருக்கிறேன். ஒன்றில் எங்கள் கரும்புத் தோகை. இன்னொன்றில் பக்கத்து வயல் கத்திரி இலை. இரண்டிலும் செம்பேன் ஊர்கிறது. தோகை துருப்பிடித்த தகரம் மாதிரி சிவந்துபோய்விட்டது. கத்திரி வெளுத்து, நுனியெல்லாம் நூலாம்படை கட்டி நிற்கிறது.

கத்திரி யாருடையது என்று உங்களுக்குத் தெரியும். கோகுலகிருஷ்ணன். இவருடைய அண்ணன் மகன்தான் என்றாலும் என் கையில் சோறு தின்று வளர்ந்தவன். எங்களுக்குப் பிள்ளை இல்லாத குறையை அவன்தான் தீர்த்தான். இப்போது வரப்பில் நின்றுகொண்டு, "ஒங்க கரும்புலேருந்துதான் சித்தப்பா என் கத்திரிக்கு ஏறுது. மருந்தடிச்சா அடிங்க, இல்லன்னா எல்லாத்தையும் விட்டுட்டு நான் திருப்பூர் போறேன்" என்கிறான். உங்கள் மாப்பிள்ளை சும்மா இருப்பாரா? "என் கரும்புல இருக்கறது என் கரும்புலதான்டா இருக்கு. ஒன் வூட்டு விருந்துக்கு அது ஏன்டா வருது?" என்று கேட்டுவிட்டார். பத்து நாளாகப் பேச்சு இல்லை.

சித்திரை ஒன்றாம் தேதி இரண்டு வீடும் சேர்ந்துதான் வருஷத்தின் முதல் உழவுக்கு நல்லேர் பூட்டுவோம். அதற்குள் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று ஊரில் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள். கரும்பு தலைக்கு மேலே நிற்கிறது. உள்ளே போய் மருந்தடிக்க ஆள் கூப்பிட்டால் ஒருத்தரும் வர மாட்டேன் என்கிறார்கள். இவருக்கு வயசு அறுபத்தெட்டு. வீசிங் வேறு.

முப்பது வருஷம் பூச்சி ஆபீசில் இருந்தீர்களே. இரண்டும் ஒரே செம்பேனா, வேறு வேறா என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நீங்கள் எழுதினால் கோகுல் கேட்பான்.

தனம்


பெரம்பலூர், துறைமங்கலம்
28-3-2024

அன்புத் தங்கை தனத்துக்கு,

உன் கடிதமும் இரண்டு கவர்களும் நேற்று மதியம் கிடைத்தன. இலைகள் வாடியிருந்தாலும் பேன்கள் உயிரோடு இருந்தன.

இரண்டும் சிவப்புதான். ஆனால் நிறத்தை நம்பக்கூடாது. காலைத்தான் பார்க்க வேண்டும். அரை மில்லிமீட்டர் உயிரிக்கு எட்டுக் கால்கள். அவற்றில் முன்னங்காலின் நுனி முக்கியம். கரும்பு, சோளம் போன்ற புல் இனங்களில் வாழும் வகைக்கு அந்த நுனியில் வளைந்த கொக்கி ஒன்று உண்டு. கத்திரி, வெண்டையில் வாழும் வகைக்குக் கொக்கி கிடையாது. அந்த இடம் மெல்லிய மயிர்களாகப் பிரிந்திருக்கும். உன் கரும்பில் இருப்பது கொக்கிக்கால் என்றால் அது கத்திரிக்குப் போய்ப் பிழைக்காது. கோகுல் சொல்வது தவறு, மருந்தும் தேவையில்லை, ஒரு நல்ல மழை போதும். மயிர்க்கால் என்றால் அவன் சொல்வதில் நியாயம் இருக்கிறது.

கொக்கியா மயிரா என்றுதானே கேட்கிறாய். நேற்று மாலை கரும்புப் பேன் ஒன்றை அமிலத்தில் ஊறவைத்து, கண்ணாடித் தகட்டில் ஏற்றிப் பார்த்தேன். ஒன்றை வைத்து எதையும் சொல்லிவிடக் கூடாது. பத்து உயிரிகளின் கால்களைப் பார்க்காமல் பெயர் எழுதுவதில்லை என்று ஒரு விதி வைத்திருக்கிறேன். அது ஆபீஸ் விதி அல்ல, என் விதி. கால் பக்கவாட்டில் படுத்திருந்தால்தான் நுனி தெரியும். குப்புறவோ மல்லாக்கவோ விழுந்தால் அது கணக்கில் சேராது. அனுப்பியவற்றில் பாதிக்குமேல் அப்படித்தான் விழுகின்றன. என் கை முன்போல் இல்லை.

ஆகவே இன்னும் கொஞ்சம் வேண்டும். சிறிய புட்டியில் ஸ்பிரிட் ஊற்றி, பேன்களை அதில் தட்டி அனுப்பு. ஆண் பேன்களும் வேண்டும். அவை சிறியவை, பின்புறம் கூராக இருக்கும். சிரமத்துக்கு மன்னிக்கவும்.

அன்புடன்
அரியமுத்து


திருமழபாடி
2-4-2024

அண்ணனுக்கு,

நர்சம்மாவிடம் ஸ்பிரிட் வாங்கி, இருமல் மருந்து பாட்டிலைக் கழுவி, அதில் போட்டு அனுப்பியிருக்கிறேன். கரும்புக்கு ஒன்று, கத்திரிக்கு ஒன்று. ஆண் எது பெண் எது என்று பார்க்க எனக்குக் கண் பத்தாது. எல்லாவற்றையும் சேர்த்துத் தட்டிவிட்டேன், அவர்களே பிரிந்து நிற்பார்கள்.

உங்கள் கடிதத்தை இவருக்கு வாசித்துக் காட்டினேன். "என்னா தனம், ஒங்கண்ணன் செம்பேனுக்குச் செருப்பு தைக்கப் போறாரா? காலையே அளவெடுத்துக்கிட்டு இருக்காரு" என்றார். பத்து கால் கணக்கைக் கேட்டதும் சிரிப்பை அடக்க முடியவில்லை. "மச்சான் பொண்ணு பாக்கும்போதும் பத்தாவது பாத்துட்டுச் சொல்றேன்னுதான ஒக்காந்தாரு. பத்தாவது வூட்டுக்குப் போறதுக்குள்ள மொதப் பொண்ணுக்குப் புள்ள பொறந்துடுச்சு." கோபித்துக்கொள்ளாதீர்கள். ரொம்ப நாளைக்குப் பிறகு அன்றுதான் சிரித்தார்.

கோகுல் இப்போது எங்கள் வாசல் வழியாகக்கூடப் போவதில்லை, தெருவைச் சுற்றிக்கொண்டு போகிறான். தட்டை எடுத்து வைத்தால், எதிரில் அவன் உட்காருகிற இடத்தையே இவர் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

உங்கள் கீழ் வீட்டு அனுசுயா டீச்சருக்குப் போன் போட்டுக் கேட்கச் சொன்னேன். "மாடியில லைட்டு எரியுதும்மா. ஆராய்ச்சி நடக்குது, கடிதம் போடுறேன்னு சொல்லச் சொன்னாரு" என்கிறார். ஆராய்ச்சி இருக்கட்டும் அண்ணே. உங்களுக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுதுங்கள். நாங்கள் என்ன புத்தகமா போடப் போகிறோம்?

தனம்


பெரம்பலூர்
8-4-2024

அன்புத் தங்கைக்கு,

புட்டிகள் வந்தன. இதுவரை கரும்புப் பேனில் ஏழு கால்கள் ஒழுங்காகக் கிடைத்திருக்கின்றன. மூன்று குறைகிறது. கத்திரியில் ஐந்து. நேற்று ஏற்றிய நான்கு தகடுகளில் காற்றுக்குமிழி புகுந்து வீணாயின.

உனக்கு என்ன தோன்றுகிறதோ அதை எழுது என்கிறாய். அப்படி ஒரு முறை எழுதியிருக்கிறேன். தொண்ணூற்றொன்றில், ஒரே ஒரு காலைப் பார்த்து ஒரு பேனுக்குப் பெயர் சொன்னேன். நாற்பது பேர் இருந்த கூட்டத்தில் மேலதிகாரி அதே தகட்டை மறுபடி வைத்துப் பார்த்துவிட்டு, "அரியமுத்து, நீர் பார்த்தது காலா, தூசியா?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அவர் சொன்னது சரி. நான் பார்த்தது தூசிதான். அன்றிலிருந்துதான் பத்து.

மாப்பிள்ளையிடம் சொல், அவர் சிரித்ததில் எனக்கு வருத்தம் இல்லை. உண்மையைத்தான் சொல்லியிருக்கிறார்.

பத்தும் பார்த்து முடியும்வரை மருந்து அடிக்க வேண்டாம் என்று சொல்லத் தோன்றுகிறது. ஆனால் அதையும் உறுதியாகச் சொல்லும் நிலையில் நான் இல்லை. நான் வேண்டாம் என்று சொல்லி, கோகுலின் கத்திரி அழிந்துபோனால் உங்கள் இரண்டு குடும்பத்துக்கும் நான் என்ன பதில் சொல்வது? இந்த வாரக் கடைசிக்குள் முடிக்கப் பார்க்கிறேன்.

அரியமுத்து


பெரம்பலூர்
12-4-2024

அன்புத் தங்கை தனத்துக்கும் மாப்பிள்ளை வீரமணிக்கும்,

முடிந்தது. இனி ஐயமில்லை.

கரும்புத் தோகையில் இருந்தவை: பத்து உயிரிகள், பத்திலும் முன்னங்கால் நுனியில் ஒற்றைக் கொக்கி. இது ஒலிகோனிக்கஸ் என்னும் இனம். புல் இனப் பயிர்களில் வாழ்வது. கத்திரியில் தங்காது.

கத்திரி இலையில் இருந்தவை: பத்து உயிரிகள், பத்திலும் கொக்கி இல்லை, மயிர்களாகப் பிரிந்த நுனி. இது டெட்ரானிக்கஸ். இது கோகுலின் வயலுக்கு வேறு எங்கிருந்தோ, நாற்றோடோ களையோடோ வந்திருக்க வேண்டும். உங்கள் கரும்பிலிருந்து வரவில்லை.

கரும்புக்கு மருந்து வேண்டாம். கோடை மழை ஒன்று பெய்தால் போதும். இதைக் கோகுலிடம் காட்டலாம், ஊரிலும் காட்டலாம். கீழே கையெழுத்திட்டு, ஓய்வுபெறும் முன் வகித்த பதவியையும் எழுதியிருக்கிறேன்.

சித்திரை ஒன்றுக்கு இரண்டு வீடும் சேர்ந்து ஏர் பூட்டுங்கள். எனக்கும் பார்க்க ஆசைதான். டீச்சரைப் போனில் சொல்லச் சொன்னால் வார்த்தை மாறிவிடும், அதனால் இப்போதே தபால் ஆபீசுக்குப் போய் நானே சேர்க்கிறேன்.

அன்புடன்
அ. அரியமுத்து
தொழில்நுட்ப உதவியாளர் (ஓய்வு)


திருமழபாடி
10-5-2024

அண்ணனுக்கு,

பதினாறாம் நாள் காரியத்துக்கு நீங்கள் வரவில்லை. காய்ச்சல் என்று டீச்சர் சொன்னார். இருக்கட்டும்.

நேற்று தபால்காரப் பெண் சுமதி பென்ஷன் விஷயமாக வந்தாள். போகும்போது, "அக்கா, எழவு அன்னிக்கு ஒங்களுக்குப் பெரம்பலூர்லேருந்து ஒரு கவர் வந்துச்சே. பந்தல்ல ஒக்காந்திருந்த ஒங்க அண்ணன் 'என்கிட்ட குடும்மா, நான் குடுத்துடறேன்'னு வாங்கிக்கிட்டாரு" என்றாள்.

அண்ணே, எனக்குக் கோடி போட வந்தபோது புடவை இருந்த மஞ்சப்பையை நீங்கள் கீழே வைக்கவே இல்லை. புடவையை எடுத்துப் போட்ட பிறகும் வெறும் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டிருந்தீர்கள். மாப்பிள்ளை போன துக்கத்தில் கீழே வைக்க மறந்துவிட்டீர்கள் என்று நினைத்தேன். கவர் அதற்குள் இருந்ததா?

இவருக்கு நடந்ததை உங்களுக்கு ஒழுங்காக யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். சத்தத்தில் உங்களுக்குக் கேட்டும் இருக்காது. வெள்ளிக்கிழமை தபால் வருகிறவரை இவர் வாசலிலேயே இருந்தார். வரவில்லை என்றதும், "மச்சானுக்கே தெரியலன்னா யாருக்குத் தெரியப் போவுது? சண்டையோட ஏர் பூட்ட முடியாது தனம். அடிச்சுவுட்டுட்டு வரேன், அந்தப் பய மனசாவது ஆறட்டும்" என்றார். சனிக்கிழமை விடிந்ததும் டேங்கைத் தூக்கிக்கொண்டு போனார். காற்றே புகாத கரும்பு. அண்ணாந்து அடித்த மருந்தெல்லாம் முகத்திலேயே விழுந்திருக்கிறது. பதினோரு மணிக்கு மருந்தடிக்கிற சத்தம் நின்றுபோனது. கோகுல்தான் தோகையைக் கிழித்துக்கொண்டு உள்ளே ஓடித் தூக்கிவந்தான். அரியலூர் ஆஸ்பத்திரியில் சித்திரை பிறக்கும் வரைதான் இருந்தார். திங்கட்கிழமைதான் உடம்பைக் கொடுத்தார்கள்.

கொள்ளியும் அவன்தான் வைத்தான். இப்போது காலையும் மாலையும் வருகிறான். தண்ணீர் கட்டுகிறான், கரும்பில் காய்ந்த சோகை உரிக்கிறான், இவர் உட்காருகிற இடத்தை விட்டுத் தள்ளி உட்கார்ந்து சாப்பிடுகிறான். "என் கத்திரிக்காகத்தான சித்தி அடிச்சாரு. என்னா இருந்தாலும் செய்யணும்னு நெனச்சுச் செஞ்சாரு" என்று சொல்லிச் சொல்லி அழுகிறான். அதைச் சொன்னால்தான் அவனுக்குச் சோறு இறங்குகிறது.

எனக்கு மட்டும் சொல்லுங்கள். அந்தக் கவரில் என்ன எழுதியிருந்தீர்கள்? கொக்கியா, மயிரா?

தனம்


பெரம்பலூர்
14-5-2024

தனத்துக்கு,

உன் கடிதம் இன்று காலை பதினொன்றரைக்கு வந்தது. இன்றே பதில் எழுதுகிறேன்.

கவர் அந்தப் பையில்தான் இருந்தது. என் கையெழுத்து வாசலில் வந்து நிற்பதைப் பார்த்தேன். உள்ளே மாப்பிள்ளை கிடத்தப்பட்டிருந்தார். அதை யாராவது பிரித்துவிட்டால் என்ன ஆகும் என்று மட்டும்தான் அப்போது தோன்றியது. பிரிக்காமல் இதோடு அனுப்புகிறேன்.

கொக்கி. பத்திலும் கொக்கி.

இது மட்டும் என்றால், கடிதம் இரண்டு நாள் பிந்திவிட்டது என்று விதியின் மேல் போட்டுவிட்டு நானும் இருந்திருப்பேன். அதனால் இன்னொன்றையும் அனுப்புகிறேன். இது என் நோட்டுப் புத்தகத்தில் மார்ச் 27ஆம் தேதிப் பக்கம். உன் முதல் கவர் வந்த நாள். கிழித்து வைத்திருக்கிறேன், பார். "மாலை 4.10. கரும்பு, முதல் தகடு. கால் பக்கவாட்டில் நன்றாக விழுந்திருக்கிறது. ஒற்றைக் கொக்கி, தெளிவாக. புல் இனப் பேன். கத்திரிக்குப் போகாது." அதற்குக் கீழே பென்சிலால் "இன்னும் ஒன்பது பார்க்கவும்" என்று எழுதியிருக்கிறேன்.

எனக்கு அன்றே தெரியும், தனம். நான்கு பத்துக்குத் தெரியும். அந்தக் கொக்கியைப் போல் தெளிவான கொக்கியை என் வேலைக்காலத்தில்கூட நாலைந்து முறைதான் பார்த்திருப்பேன். மற்ற ஒன்பதும் உனக்காகப் பார்த்தவை அல்ல, மாப்பிள்ளைக்காகவும் அல்ல. தவறாகிவிட்டால் யாராவது சிரிப்பார்களே என்ற பயத்துக்காகப் பார்த்தவை. பதினாறு நாட்கள். ஒரு தபால் கார்டில் ஒரு வரி போட்டிருந்தால் அவர் டேங்கைத் தொட்டிருக்க மாட்டார்.

காய்ச்சல் என்று சொல்லச் சொன்னது பொய். எனக்கு உன் முகத்தைப் பார்க்கத் தைரியம் இல்லை.

ஆனால் இந்த முறை தாமதிக்கவில்லை. உன் கடிதத்தைப் படித்தவுடன் அந்தச் சான்றுக் கடிதத்துக்கு நான் வைத்திருந்த படியையும் நோட்டுப் பக்கத்தின் நகலையும் எடுத்து, கோகுலகிருஷ்ணனுக்கும் தனியாக ஒரு கவரில் போட்டிருக்கிறேன். யார் மேலும் பழி நிற்கக்கூடாது. உண்மையை உரிய நேரத்தில் சொல்லாதவன் நான்தான் என்று அவனுக்கும் தெரியட்டும். யோசித்தால் மறுபடி நாள் தள்ளிவிடுவேன் என்று பயந்து, யோசிக்காமல் இரண்டு கவரையும் ஒட்டிவிட்டேன்.

அரியமுத்து


திருமழபாடி
3-6-2024

அண்ணனுக்கு,

கோகுலுக்குக் கவர் எனக்கு முன்னாலேயே கிடைத்துவிட்டது. தெருவில் நின்றே படித்திருக்கிறான். மத்தியானச் சாப்பாட்டு நேரத்துக்கு வந்தான், உள்ளே வரவில்லை. நிலைப்படிக்கு வெளியே நின்றுகொண்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டான். "அப்ப நான் எதுக்கு சித்தி அவரை உள்ள அனுப்புனேன்?"

"நீ எங்கடா அனுப்புன, அவரா போனாரு. வா, சாப்புடு" என்றேன். போய்விட்டான்.

மறுநாள் காலையில் பார்த்தால் கத்திரி முழுக்கப் பிடுங்கி வரப்பில் கிடக்கிறது. காய் இருந்த செடியையும் சேர்த்துப் பிடுங்கியிருக்கிறான். அவன் மனைவி லாவண்யா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடிவந்தாள். "திருப்பூருக்குப் போறேன், தேடாதேன்னு சொல்லிட்டுப் போயிட்டாருங்க அத்தை" என்று அழுதாள். பதினாலு நாளாகிறது. போன் அணைந்தே கிடக்கிறது. அங்கேதான் இருக்கிறானா என்றும் தெரியவில்லை. வண்டிச் சத்தம் கேட்டால் அவளும் நானும் ஒரே நேரத்தில் வாசலுக்கு வருகிறோம். ஒருத்தரை ஒருத்தர் பார்த்துவிட்டு உள்ளே போகிறோம்.

நான் எழுதியது உங்களுக்குக் கிடைத்ததா இல்லையா? "எனக்கு மட்டும் சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தேன். இவர் செய்த காரியத்துக்கு ஒரு அர்த்தம் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு அந்தப் பிள்ளை உயிரைப் பிடித்து வைத்திருந்தான். அதையும் எழுதியிருந்தேன். நான் என்றால் அந்தக் காகிதத்தை அடுப்பில் போட்டுவிட்டு அவனுக்குச் சோறு போட்டிருப்பேன், சாகும்வரை. என் மனசில் மட்டும் வைத்திருப்பேன். அது எனக்குக் கஷ்டமே இல்லை.

ஒரு வரிக்கு நாங்கள் காத்துக்கிடந்தபோது பதினாறு நாள் எடுத்துக்கொண்டீர்கள். ஒரு நாள் யோசித்திருக்கலாம் என்ற இடத்தில் உங்களுக்கு ஒரு மணி நேரம் போதுமாக இருந்தது. உங்கள் மனசு லேசாக வேண்டும் என்றதும் எவ்வளவு வேகம் அண்ணே உங்களுக்கு.

போன வாரம் மழை பெய்தது. நல்ல மழை. நீங்கள் சொன்ன மாதிரியே செம்பேன் எல்லாம் கழுவிக்கொண்டு போய்விட்டது. தோகை பச்சைப் பசேல் என்று நிற்கிறது. அதைப் பார்க்க முடியாமல் கொல்லைப் பக்கக் கதவைச் சாத்தியே வைத்திருக்கிறேன்.

உங்களை வாருங்கள் என்று எழுதக் கை வரவில்லை. வராதீர்கள் என்று எழுதவும் வரவில்லை. பிறந்த வீடு என்று எனக்கு மிச்சம் இருப்பது நீங்கள் ஒருவர்தான். தனியாக இருக்க இந்த வீட்டில் பயமாக இருக்கிறது.

தனம்


பெரம்பலூர்
19-7-2024

தனத்துக்கு,

உன் கடிதம் வந்து ஆறு வாரம் ஆகிறது. தினமும் எழுத உட்கார்ந்தேன். நீ எழுதியதில் ஒரு வரிக்குக்கூட என்னிடம் மறுப்பு இல்லை. அப்படியிருக்க என்ன எழுதுவது என்று தெரியவில்லை.

மைக்ராஸ்கோப்பைத் துணி சுற்றிப் பரணில் ஏற்றிவிட்டேன். தகடுகள் இருபதும் மேசையில் இருக்கின்றன. அவற்றை உடைக்கலாம் என்று எடுத்தேன். உடைக்கவில்லை.

திருப்பூரில் ஆபீஸ் காலத்துச் சிநேகிதர் ஒருவர் இருக்கிறார். கோகுலைப் பற்றி விசாரிக்கச் சொல்லி எழுதினேன். இரண்டு கம்பெனிகளில் கேட்டுப் பார்த்தாராம், அந்தப் பெயரில் யாரும் இல்லையாம். அவன் அங்கே இல்லை என்பதற்கு இது போதாது. இருக்கிறான் என்பதற்கும் இதில் எதுவும் இல்லை. லாவண்யாவிடம் சொல்ல வேண்டாம். சொல்லலாமா என்பதை நீயே முடிவு செய். இனி அந்த மாதிரி முடிவுகளை நான் எடுப்பதில்லை.

போன திங்கட்கிழமை அரியலூர் வரை வந்தேன். உனக்குத் தெரியாது. மாற்றுடை இரண்டும் மாத்திரைகளும் எடுத்துக்கொண்டு, உன்னோடு இருந்துவிடலாம் என்றுதான் கிளம்பினேன். பஸ் ஸ்டாண்டில் திருமழபாடி வண்டி வந்து நின்றது. நீ கதவைத் திறந்ததும் உன் முகம் எப்படி மாறும் என்று நினைத்துப் பார்த்தேன். அது கிளம்பிவிட்டது. அடுத்த வண்டிக்கு ஏறலாம் என்று உட்கார்ந்தேன். அதுவும் போனது. மூன்றாவது வண்டியின் கண்டக்டர் என் பையைப் பார்த்துவிட்டு, "பெரியவரே, ஏறுறீங்களா இல்லையா?" என்று என் காதருகே குனிந்து கேட்டார். எனக்குக் கேட்டது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். பிறகு பெரம்பலூர் வண்டியில் ஏறித் திரும்பிவிட்டேன்.

நீ தனியாக இருக்கப் பயமாக இருக்கிறது என்று எழுதியதை நான் மறக்கவில்லை. பையைப் பிரிக்காமல் கதவோரமாகவே வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று இந்தக் கடிதத்தை முடிக்க நினைத்தேன். அந்த வரியை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் அடித்துவிட்டேன், மேலே உனக்குத் தெரியும். உறுதியாகத் தெரியாத ஒன்றை நான் எப்படி எழுதிக் கொடுப்பேன்?

அண்ணன்
அரியமுத்து